மார்பு வலியும் மலைநாட்டுத் தாய்மாரும்

பெண்ணின் மார்பில் எழும் வலியைப் பேசத்தகாத பொருளென்று நம் சமுதாயம் ஒதுக்கி வைத்திருக்கிறது. இந்த மௌனத்துக்கு விலை கொடுப்பவர் யார்? தெல்தெனியவைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் கொழுந்து பறிக்கும் நம் தாய்மாரும் சகோதரிகளுமே! இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. ஆதலால் சிறிது வலித்தாலும் பெண் நடுங்குகிறாள். நடுங்கியும் நாணத்தால் வாய் திறவாள்.

உண்மை என்ன? வலி மட்டுமே இருந்து கட்டி முதலிய வேறு குறி இல்லையெனின், அது புற்றுநோயாக இருப்பது அரிது. மாதவிடாய்க்கு முன் இரு மார்பிலும் தோன்றிப் பின் தணியும் வலி உடலின் இயல்பு. சுமை தூக்குவோருக்கு நெஞ்சுத் தசையின் நோவும் மார்பு வலியாகவே தோன்றும். மாறாக, வலியே இல்லாத கட்டிதான் பெரும்பாலும் அஞ்சத்தக்கது. வலிக்கவில்லையே என்று வாளாவிருப்பது பேதைமை.

ஓரிடத்தில் மட்டும் நீங்காது நிற்கும் வலிக்கு, வைத்தியர் கையால் சோதித்தபின் துணையாவது ஸ்கேன் எனப்படும் ஒலியலைப் பரிசோதனை. 1950களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் ஜோன் வைல்டு என்னும் வைத்தியர் ஒலியலை கொண்டு மார்புக் கட்டிகளை ஆராய்ந்தார். இதில் கதிர்வீச்சு இல்லை. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் தீங்கில்லை. நீர்க்கட்டியா, திண்மக் கட்டியா, பால் கட்டிச் சீழ் பிடித்ததா என்பதை இது பிரித்துக் காட்டும். முப்பது வயதுக்குட்பட்டோர்க்கு இதுவே முதற்சோதனை. நாற்பதைக் கடந்தோர்க்கு மமோகிராம் என்னும் கதிர்ப்படமும் உடன் வேண்டும். சோதனைகளில் குறையொன்றும் தெரியாவிடின், அச்சொல்லே பாதி மருந்து. ஆயினும் கைக்குத் தட்டுப்படும் கட்டியை, ஸ்கேன் தெளிவாயிருக்கிறதென்று விட்டுவிடலாகாது.

சுகவனிதையர் கிளினிக்குகள் 1996 முதல் நாட்டில் நடைபெறுகின்றன. 35, 45 வயதுப் பெண்களைச் சிறப்பாக அழைத்து, அங்கு மார்பகத்தையும் இலவசமாகச் சோதிக்கின்றனர். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் மலைத்தோட்டத்திலிருந்து இறங்கிவரும் பெண்ணுக்கு அன்றைய பேர் விழாது. தன் நோவைத் தன் மொழியில் சொல்லவும் வழியின்றேல் அவள் என் செய்வாள்? எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்னும் இரண்டு கேள்விகளின் விடையில்தான் இச்சிகிச்சையின் அடித்தளமே இருக்கிறது. தமிழும் அரசகரும மொழியென 1987இல் அரசியலமைப்பில் எழுதினர். அவ்வெழுத்து வைத்தியசாலை வாயிலிலும் உயிர்பெற வேண்டாமா?

விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரையே நீரில் ஆழ்த்தி, மேட்டில் புதுநகர் எழுப்பிய அரசுக்கு இது பெருங்காரியமன்று. மார்பு ஸ்கேனுக்குத் தெல்தெனியவில் குறித்த நாள் ஒதுக்குக! தமிழறிந்த பெண் உத்தியோகத்தரை அங்கு அமர்த்துக! கிளினிக் செல்லும் நாளுக்குத் தோட்ட நிருவாகம் முழுப்பேர் போடுக!

படித்தோரும் உழவரும் செய்யவேண்டியதும் உண்டு. மனைவியிடமும் மகளிடமும் இதைத் தயங்காது பேசுங்கள். புதிய கட்டி, தோற் சுருக்கம், உள்ளிழுத்த காம்பு, இரத்தக் கசிவு—இவற்றில் ஒன்று கண்டாலும் அடுத்த மாதமெனத் தள்ளாதீர்கள். நாணம் காக்கப்பட வேண்டியதே; ஆனால் உயிரைக் கொடுத்தன்று.