பிள்ளையின் வயதைப் பார்க்கிறோம், பிள்ளையைப் பார்க்கிறோமா?

சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் செல்லும் தாய்மார் பற்றிய பேச்சு எமது ஊர்களில் எப்போதும் இரண்டு இடங்களில்தான் போய் முடிகின்றது. ஒரு தரப்பு அந்தத் தாயைக் குற்றவாளியாக்குகின்றது. மறுதரப்பு, "போகாவிட்டால் யார் சோறு போடுவது?" என்று கேட்டுப் பேச்சை முடித்துவிடுகின்றது. இரண்டு பேச்சிலும் அந்தப் பிள்ளை இல்லை. அது எப்படிப்பட்ட பிள்ளை, யாருடைய கையில் விடப்படுகின்றது என்று எவரும் கேட்பதில்லை.

அரசாங்கத்தின் பேச்சும் வயதைச் சுற்றியே நடக்கின்றது. 2013 ஆம் ஆண்டு குடும்பப் பின்னணி அறிக்கை நடைமுறைக்கு வந்தபோது, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்ல முடியாது என்று கூறப்பட்டது. 2022 ஆம் ஆண்டு, பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், டொலருக்காக நாடு தவித்த வேளையில், அந்த எல்லையை இரண்டு வயதாகக் குறைக்க அமைச்சரவை தீர்மானித்தது. ஐந்து ஏன் இரண்டானது என்பதற்குப் பிள்ளையின் மனம் காரணமல்ல, நாட்டின் கையிருப்பே காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

தரம் 1 மாணவர்களோடு பல வருடங்களாக வேலை செய்யும் ஆசிரியர் என்ற வகையில், இந்தத் தாய்மாரைத் தடுக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. வறுமை என்ன செய்யும் என்பதை வகுப்பறையில் தினமும் பார்க்கிறேன். ஆனால் வயது என்ற ஒரே ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் நலனைத் தீர்மானிக்க முடியாது. அதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பிணைப்பு எங்கே உருவாகின்றது?

பிரித்தானிய உளமருத்துவர் ஜோன் போல்பி, உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951 இல் எழுதிய அறிக்கை, தாயைப் பிரிந்த பிள்ளைகள் பற்றிய உலகின் பார்வையை மாற்றியது. ஒரு குழந்தைக்கு உணவும் சுத்தமும் மட்டும் போதாது. தன்னைத் தொடர்ச்சியாக அன்போடு கவனிக்கும் ஒருவரோடு பிணைப்பு வேண்டும் என்றார் அவர். அவரோடு பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வேர்த் 1950களில் உகண்டாவுக்குச் சென்று, கம்பாலாவுக்கு அருகிலுள்ள கிராமங்களில் 26 குடும்பங்களைக் கவனித்தார். பாதுகாப்பான பிணைப்புள்ள குழந்தைகளின் தாய்மாரிடம் அவர் ஒரு விடயத்தைக் கண்டார். தம் குழந்தையைப் பற்றிய சின்னச் சின்ன விபரங்களை அவர்கள் சொல்லக்கூடியவர்களாக இருந்தனர். எதற்கு அழும், எப்படித் தூங்கும், எதைக் கண்டு பயப்படும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தாய் பிள்ளையோடு எத்தனை மணித்தியாலம் இருக்கிறாள் என்பதை விட, பிள்ளை காட்டும் அறிகுறியைக் கவனித்து அதற்கு ஏற்றவாறு பதில் கொடுக்கிறாளா என்பதே முக்கியமானது என்ற கருத்து இந்த ஆய்வு வழியில்தான் வளர்ந்தது.

"உம்மாட குணம்", "பிறவிக் குணம்"

ஒரு பிள்ளை பிடிவாதம் பிடித்தால் எமது வீடுகளில் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். ஒன்று, "வளர்த்த வளர்ப்பு அப்படி." மற்றையது, "அது பிறவிக் குணம்." முதலாவது தாயைக் குற்றம் சொல்கிறது. இரண்டாவது பிள்ளையைக் கைவிடுகிறது.

உளமருத்துவத் தம்பதியரான அலெக்சாண்டர் தோமஸ், ஸ்டெல்லா செஸ் இருவரும் 1956 இல் நியூயோர்க்கில் குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்க்கத் தொடங்கினர். பிறந்த சில மாதங்களிலேயே குழந்தைகளிடம் வேறுபாடு தெரிந்தது. சுமார் 40 வீதமானோர் இலகுவான சுபாவம் கொண்டவர்கள். நேரத்துக்கு உண்டு, நேரத்துக்கு உறங்கி, புதியவர்களோடு இலகுவில் பழகுவார்கள். சுமார் 10 வீதமானோர் எளிதில் எரிச்சலடைந்து, பலமாக அழுது, மாற்றங்களை ஏற்க மறுப்பவர்கள். இன்னும் 15 வீதமானோர் கூச்சமாக ஒதுங்கி நின்று மெல்ல மெல்லப் பழகுபவர்கள். மீதமானோர் எந்த வகைக்குள்ளும் முழுமையாக அடங்கவில்லை.

சிரமமான சுபாவம் கொண்ட குழந்தை பிற்காலத்தில் பிரச்சினைக்குரிய பிள்ளையாகத்தான் வர வேண்டும் என்பதில்லை என்பதே அவர்கள் கண்ட முக்கியமான உண்மை. பிள்ளையின் சுபாவத்துக்கும் சுற்றியிருப்போரின் எதிர்பார்ப்புக்கும் இடையில் பொருத்தம் இருந்ததா என்பதே முடிவைத் தீர்மானித்தது. மெல்லப் பழகும் பிள்ளையைக் கல்யாண வீட்டில் எல்லோருடைய மடிக்கும் மாற்றிக் கொடுத்து, "சலாம் சொல்லு, பாட்டுப் படி" என்று நெருக்கும் வீட்டில் அந்தப் பொருத்தம் இல்லை. அதே பிள்ளையை அரை மணி நேரம் உம்மாவின் முந்தானைக்குள் நிற்க விட்டுவிட்டால், அது தானாகவே வெளியே வரும்.

தாயும் ஒரு மனுஷி

தாய்மாரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் அல்லர். இயல்பாகவே பொறுமையானவரும் இருப்பார், சீக்கிரம் பதற்றமடைபவரும் இருப்பார். பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வில் விழுந்த தாயால் குழந்தையின் சிரிப்புக்குச் சிரிப்பால் பதில் கொடுக்க முடியாமல் போகலாம். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் செய்த பரிசோதனை இதைக் காட்டியது. குழந்தையோடு விளையாடிக்கொண்டிருந்த தாய் சில நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, சத்தமிட்டுப் பார்க்கிறது. எதுவும் பலிக்காமல் போக, முகத்தைத் திருப்பிக் கொள்கிறது, அழுகிறது. சில நிமிடத்துக்கே இப்படியென்றால், மாதக்கணக்கில் சோர்ந்து கிடக்கும் தாயின் குழந்தையை யோசித்துப் பாருங்கள். எமது ஊர்களில் இந்தச் சோர்வைச் சோம்பல் என்கிறோம், கண்ணூறு என்கிறோம். ஓதிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவிடம் இதைச் சொல்லி, வைத்தியரிடம் கொண்டு செல்வதும் கடமையாகும்.

தாயின் இயல்பும் பிள்ளையின் சுபாவமும் ஒன்றையொன்று இழுக்கும். ஓயாமல் அழும் குழந்தை தாயைக் களைப்படையச் செய்கிறது. களைத்த தாய் கடுகடுக்கிறாள், அல்லது கண்டுகொள்ளாமல் விடுகிறாள். குழந்தை இன்னும் அழுகிறது. இந்த வட்டத்தை உடைக்கலாம் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. நெதர்லாந்தில் டிம்ஃப்னா வான் டென் பூம் 1994 இல் வெளியிட்ட ஆய்வில், எளிதில் எரிச்சலடையும் 100 குழந்தைகளும் வருமானம் குறைந்த அவர்களின் தாய்மாரும் பங்குபற்றினர். குழந்தை ஆறு மாதமாக இருந்ததிலிருந்து ஒன்பது மாதம் வரையில், ஒரு பகுதித் தாய்மாரின் வீட்டுக்கு மூன்றே மூன்று தடவை சென்று, குழந்தையின் அறிகுறியைக் கவனித்துப் பதில் கொடுப்பது எப்படி என்று காட்டிக் கொடுத்தார்கள். குழந்தைக்கு ஒரு வயதானபோது, உதவி கிடைத்த தரப்பில் பாதுகாப்பான பிணைப்பு மிகவும் அதிகமாகக் காணப்பட்டது. குழந்தையின் சுபாவமோ வீட்டின் வறுமையோ மாறவில்லை. தாய்க்கு ஒரு துணை கிடைத்தது, அவ்வளவுதான்.

ஒரே வயது, இரண்டு முடிவுகள்

வெளிநாடு செல்லும் தாய்மாரின் விடயத்துக்கு நேரடியாகப் பொருந்துவது ஜேம்ஸ், ஜோய்ஸ் ரொபர்ட்சன் தம்பதியர் 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் எடுத்த ஆவணப்படங்கள். அவற்றில் ஜேன், ஜோன் என்ற இரண்டு குழந்தைகள் வருகின்றனர். இருவருக்கும் வயது 17 மாதம். இருவரின் தாய்மாரும் அடுத்த பிரசவத்துக்காக வைத்தியசாலை சென்றனர். ஜேன் 10 நாட்கள் ரொபர்ட்சன் வீட்டிலேயே பராமரிக்கப்பட்டாள். பிரிவுக்கு முன்பே அந்த வீட்டோடு அவள் பழக்கப்படுத்தப்பட்டிருந்தாள், அவளது உணவு, உறக்கப் பழக்கங்களைக் கேட்டு அறிந்து வைத்திருந்தனர், கவனித்தவரும் ஒருவரே. அவளுக்கும் கவலை இருந்தது, ஆனால் உடைந்து போகவில்லை.

ஜோன் 9 நாட்கள் ஒரு பராமரிப்பு நிலையத்தில் இருந்தான். தாதியர் நல்லவர்கள்தான். ஆனால் முறை மாறி மாறி வந்தார்கள். ஒருவரிடம் ஒட்டிக்கொள்ள முயன்றான், அவர் போய்விடுவார். கடைசியில் உணவை மறுத்தான், பெரிய கரடிப் பொம்மையைக் கட்டிக்கொண்டு கிடந்தான். தாய் திரும்பி வந்தபோது அவளிடம் போகாமல் கதறினான்.

இருவருக்கும் வயது ஒன்று, பிரிவின் நீளமும் ஏறத்தாழ ஒன்று. யாருடைய கையில், எப்படி ஒப்படைக்கப்பட்டார்கள் என்பதுதான் வேறுபாடு. எமது பிள்ளைகளின் பிரிவு ஒன்பது நாட்களல்ல. இரண்டு வருட ஒப்பந்தம்.

நாம் கேட்க வேண்டியவை

குடும்பப் பின்னணி பற்றி விசாரிக்கும் உத்தியோகத்தர் பிள்ளையின் வயதோடு நிறுத்தாமல் இன்னும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். பிள்ளையை இரவில் தூங்க வைக்கப் போவது யார்? அவர் இப்போதே அதைச் செய்கிறாரா? அவருடைய உடல்நலம் எப்படி? புதியவர்களைக் கண்டால் இந்தப் பிள்ளை என்ன செய்யும்? கிழக்கில் பெண் தாய்வீட்டிலோ அதற்கு அருகிலோ வாழ்வதால் உம்மம்மாவின் கை பழகிய கையாக இருக்கிறது. இது பெரிய பலம். ஆனால் நீரிழிவோடும் முழங்கால் வலியோடும் வாழும் உம்மம்மாவிடம், ஓயாமல் அழும் இரண்டு வயதுப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு "பாதுகாவலர் உண்டு" என்று எழுதிவிட்டால் கடமை முடிந்துவிடாது.

குடும்பங்கள் செய்யக்கூடியதும் உண்டு. கடவுச்சீட்டு எடுக்கும் நாளிலிருந்தே, பொறுப்பேற்கப் போகிறவர் தாய் அருகில் இருக்கும்போதே சோறூட்டவும் தூங்க வைக்கவும் தொடங்கலாம். பிள்ளையை வீடு வீடாக மாற்றாமல் ஒருவரிடமே வைத்திருக்கலாம். தூங்கும் நேரம் பார்த்து நள்ளிரவில் சொல்லாமல் புறப்படுவதைத் தவிர்க்கலாம். விழித்ததும் தாயைக் காணாத பிள்ளைக்கு அதன் பிறகு உறக்கமே பயமாகிவிடும். "குழப்படி செய்தால் உம்மா வரமாட்டா" என்ற மிரட்டலை அடியோடு விட்டுவிடலாம். திரும்பி வந்த தாயிடம் பிள்ளை போக மறுத்தால், அது நன்றிகெட்டதனமல்ல, காயம். அதற்கு நாளும் பொறுமையும் வேண்டும்.

வாப்பாமார் இந்தக் கணக்கில் எங்கே? அனுப்பும் பணத்தைப் பெறுவது மட்டும் அவர்களின் பங்கல்ல. சூரா பகராவின் 233 ஆவது வசனம் பாலூட்டலுக்கு இரண்டு வருடங்களைக் குறிப்பிடுகின்றது. அரசாங்கம் போட்ட இரண்டு வயதுக்கு அதை ஆதாரமாக்க முனைவோரும் இருக்கலாம். ஆனால் அந்த வசனம் தாயைப் பிரிப்பது பற்றியதல்ல. தாயின் உணவுக்கும் உடைக்கும் தந்தையைப் பொறுப்பாக்குகின்றது. பிள்ளையின் பெயரால் தாயோ தந்தையோ துன்புறுத்தப்படக் கூடாது என்கின்றது. பால்மறக்கச் செய்வதைக் கூட இருவரின் திருப்தியோடும் ஆலோசனையோடும் செய்யச் சொல்கின்றது. பாலை நிறுத்துவதற்கே ஆலோசனை வேண்டுமென்றால், தாயையே பிரிவதற்கு எவ்வளவு ஆலோசனை வேண்டும்?

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஸகாத் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஊரில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையோடு வெளிநாடு போகத் தயாராகும் தாய்மாரை அடையாளம் காணுங்கள். சிலருக்கு ஒரு தையல் இயந்திரமோ ஒரு கடன் தீர்ப்போ பயணத்தையே நிறுத்திவிடும். அப்படியும் போக வேண்டியவரின் வீட்டை, அவர் போன பின்பும் எட்டிப் பாருங்கள். முன்பள்ளி ஆசிரியைகளும் தரம் 1 ஆசிரியர்களும் ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்கும் அடித்துவிட்டு ஓடும் பிள்ளைக்கும் பட்டம் சூட்டுவதற்கு முன், அந்தப் பிள்ளையை வீட்டில் கவனிப்பது யார் என்று விசாரிக்க வேண்டும்.

மூஸா (அலை) அவர்களின் தாயின் உள்ளம் பிள்ளையைப் பிரிந்து வெறுமையாகிப் போனதை சூரா கஸஸ் சொல்கின்றது. அந்தக் குழந்தையும் வேறு எந்தச் செவிலித் தாயிடமும் பால் குடிக்க மறுத்தது. அல்லாஹ் குழந்தையைத் தாயிடமே திருப்பிக் கொடுத்தான். அதற்கு முன் நடந்ததையும் கவனியுங்கள். பெட்டி மிதந்து போன வழியெல்லாம் ஒரு சகோதரி பின்னாலேயே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். எமது ஊர்களில் தாயைப் பிரிந்திருக்கும் பிள்ளைகளுக்கு இன்று தேவைப்படுவது அப்படிப் பின்னால் போய்ப் பார்க்கும் ஒரு சமூகம்.