கையுறை மட்டும் போதுமா?



எங்க சித்தி தூத்துக்குடியில் ஒரு இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போறாங்க. பண்ணையில் வளர்த்த வனாமி இறாலைத் தலை கிள்ளி, ஓடு உரித்துக் கொடுக்கும் வேலை. தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, காலுக்கு பூட்ஸ் உண்டு. வாசலில் குளோரின் தண்ணீரில் கை காலை நனைத்த பிறகுதான் உள்ளே விடுவார்களாம். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்டா" என்பாங்க சித்தி.

இந்தச் சுத்தம் தானாக வந்ததல்ல. 1997-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடல் உணவை வாங்கத் தடை போட்டது. நோய்க்கிருமிகள் இருந்ததும், கம்பெனிகளில் சுகாதாரம் சரியில்லாததும்தான் காரணம். அதன் பிறகே பல கம்பெனிகள் திருந்தின.

இறாலில் வரும் கிருமிகளில் முக்கியமான இரண்டைச் சொல்கிறேன். ஒன்று விப்ரியோ. இது உப்புத் தண்ணீரிலேயே இயற்கையாக வாழ்வது. 1950-இல் ஜப்பானின் ஒசாகா பகுதியில் அரைகுறையாகக் காய்ந்த சின்ன மீனைச் சாப்பிட்டு 272 பேர் நோயில் விழுந்தார்கள். 20 பேர் இறந்தார்கள். அப்போதுதான் இந்த வகை விப்ரியோவைக் கண்டுபிடித்தார்கள். வெயிலில் இது மளமளவென்று பெருகும். பிடித்த உடனே ஐஸ் போட்டால் பெருகாது.

இன்னொன்று சால்மோனெல்லா. இது கடலில் பிறப்பதில்லை. மனிதர், பறவை, விலங்குகளின் குடலிலிருந்து வருகிறது. குளத்தில் சாக்கடை கலந்தாலும் வரும், கோழி எருவைப் போட்டாலும் வரும், கழுவாத கையாலும் வரும். ஐஸ் இதைக் கொல்லாது. உறைய வைத்த இறாலிலும் உயிரோடு இருக்கும். நன்றாக வேக வைத்தால்தான் சாகும்.

இனி என் கருத்துக்கு வருகிறேன்.

போன மாதம் சித்திக்கு வயிற்றுப்போக்கு. "வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் வேலை செய்யக் கூடாது" என்று கம்பெனிச் சுவரில் எழுதி இருக்கிறதாம். ஆனாலும் சித்தி மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பிட்டாங்க. ஏன் என்று கேட்டேன். "கிலோவுக்கு இவ்வளவுன்னுதான் கூலி. வீட்ல படுத்தா யாரு குடுப்பா?" என்றாங்க. எனக்குப் பதில் தெரியவில்லை.

கையுறை நல்லதுதான். ஆனால் கழிப்பறைக்குப் போய்வந்து, சோப்பு போட்டுக் கழுவாத கையால் எடுத்து மாட்டினால் அந்த உறையும் அழுக்குதான். ஆகவே நோய் வந்த நாளுக்குக் கூலியோடு லீவு கொடுக்க வேண்டும். சோப்போடு போதுமான கழிப்பறைகளும், போய்வர நேரமும் தர வேண்டும்.

"கூலியோடு லீவு கொடுத்தால் எல்லாரும் பொய் சொல்லி லீவு எடுப்பார்களே" என்று சிலர் கேட்கலாம். இப்போதும் பொய்தானே சொல்கிறார்கள்? உடம்பு சரியில்லாதவர்கள் "நல்லா இருக்கேன்" என்கிறார்கள். இரண்டு பொய்யில் எது ஆபத்து? ஒரு கன்டெய்னர் இறால் திரும்பி வந்தால் ஆகும் நஷ்டத்தின் முன் இரண்டு நாள் கூலி எம்மாத்திரம்?

சுவரில் சட்டம் எழுதினால் மட்டும் கிருமி போகாது. அந்தச் சட்டப்படி நடக்க ஏழைக்கும் வழி செய்து கொடுக்க வேண்டும்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்