அடுத்த தவணை

டேவிட் குடாலுக்கு 104 வயது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் வாழ்ந்த தாவரவியலாளர். உயிரைக் குடிக்கும் நோய் எதுவும் அவருக்கில்லை. கண் மங்கிவிட்டது, நடமாட்டம் குறைந்துவிட்டது, இருந்தது போதும் என்றார். இத்தனை வயதுவரை இருந்துவிட்டேனே என்று வருத்தப்பட்டார். அந்நாட்டின் விக்டோரியா மாநிலம் 2017இல் இயற்றிய, சாக உதவும் சட்டமும் அவருக்கு உதவாது. அது சாகக் கிடப்பவர்களுக்கானது. பொதுவாக ஆறு மாதம் தாண்டாது என்று மருத்துவர்கள் சொன்னால்தான் அன்று பொருந்தும். குடாலுக்கு நாள் குறித்துத்தர யாரும் இல்லை. சுவிட்சர்லாந்துக்குப் போய், 2018 மே 10 அன்று, மருந்துக் குழாயைத் தன் கையாலேயே திறந்து இறந்தார்.

வாழ்நாள் நீட்டிப்பு பற்றிய செய்திகளை இந்த முதியவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டியிருக்கிறது. கூகுள் 2013இல் முதுமையை ஆராயும் காலிகோ நிறுவனத்தைத் தொடங்கியது. 2022இல் ஆல்டோஸ் லேப்ஸ் 300 கோடி டாலரோடு களமிறங்கியது. ராப்பமைசின் என்ற மருந்தைக் கொடுத்தால் எலிகளின் ஆயுள் கூடுகிறது என்பது 2009இலேயே தெரிந்துவிட்டது. மனிதரில் மட்டும், 1997இல் தன் 122ஆம் வயதில் இறந்த பிரெஞ்சுப் பெண்மணி ழான் கால்மானை இன்னும் ஒருவரும் தாண்டவில்லை. இந்த ஆரவாரத்தில் பாதிக்குமேல் கோடீசுவரர்களின் சாவுபயம் என்பது எங்கள் எண்ணம். ஆனாலும் பலித்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம்.

நூற்றைம்பது வயதுவரை திடமாக இருந்தால் கருணைக்கொலை கேட்க ஆளே இருக்காது என்பது ஒரு கட்சி. சலிப்பே கொன்றுவிடும் என்பது எதிர்க்கட்சி. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக், முந்நூறு ஆண்டுக்கு மேல் வாழ்ந்து அலுத்துப்போன பாடகி ஒருத்தியை 1922இலேயே மேடையேற்றிவிட்டார். சலிப்பை நாடகக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எங்களைத் தொந்தரவு செய்வது வேறொன்று.

இந்திய உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 தீர்ப்பில் ஒரு கோடு கிழித்தது. மீளவே வழியில்லாத நோயாளிக்குச் சிகிச்சையை நிறுத்தலாம். விஷ ஊசி போடக் கூடாது. சிகிச்சையை விலக்கினால் கொல்வது நோய், மனிதர் ஒதுங்கி நிற்கிறார், அவ்வளவே என்பது அதன் உள்ளர்த்தம். ஆண்டுக்கொரு தவணை மருந்து போட்டுக்கொண்டு எல்லாரும் வாழும் காலத்தில் இந்தக் கோடு எங்கே நிற்கும்? அப்போது சிகிச்சையில் இல்லாதவர் என்று யாருமே இருக்கமாட்டார். நூற்று முப்பது வயதில் கட்டுடலோடு இருப்பவர் அடுத்த தவணைக்குப் போகாமல் இருந்துவிடலாம். சுயநினைவுள்ளவர் மருந்தை மறுத்தால் சட்டம் தடுக்காது. ஆனால் உடனே சாகமாட்டார். நின்றுபோன முதுமை மறுபடி தொடங்கும். மூட்டு தேயும், நினைவு கழலும், பத்திருபது ஆண்டு அழுகிக் கிடந்து போய்ச் சேர்வார். அதைச் சட்டம் இயற்கை என்று ஏற்கும். ஒரே நாளில் முடிக்கும் ஊசியைக் குற்றம் என்று சொல்லும். இன்று மென்மையானதாகத் தெரியும் வழி அன்று கொடூரமான வழியாகிவிடும். ஊசிக்கான குரல் குறையுமென்று எதிர்பார்ப்பவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

நீண்ட ஆயுள் மட்டுமே வரமாகிவிடாது என்பது மகாபாரதத்துக்குத் தெரிந்திருந்தது. விரும்பிய நேரத்தில் சாகலாம் என்பது பீஷ்மருக்குக் கிடைத்த வரம். சாகாமல் அலைவது அசுவத்தாமனுக்குக் கிடைத்த சாபம்.

சட்டத்தைவிடக் கடினமானது வீட்டுக்குள் இருக்கிறது. விருதுநகர் வட்டாரத்தின் தலைக்கூத்தல் 2010இல் செய்தித்தாளுக்கு வந்தது. தலை நிறைய எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரை மேலும் மேலும் கொடுத்து, படுக்கையில் விழுந்த கிழவரை அனுப்பிவைக்கும் முறை. செய்தவர்கள் எல்லாரையும் அரக்கர்கள் என்று சொல்ல முடியாது. கூலிக்குப் போனால்தான் சோறு என்ற வீட்டில் பகலெல்லாம் பக்கத்தில் உட்கார ஆளில்லை. அதே நாட்டில், மும்பை மாநகராட்சியின் கே.இ.எம். மருத்துவமனையில், அங்கேயே செவிலியராக இருந்த அருணா ஷான்பாக் 1973 முதல் 2015 வரை நினைவற்றுக் கிடந்தார். உணவை நிறுத்த வேண்டும் என்ற மனு வந்தபோது செவிலியர்கள் கூடாது என்றார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அவர்களுடைய பாசத்தை நாங்கள் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டிலுக்கு யாரும் பில் நீட்டவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆயுள் மருந்து அப்படி வரப்போவதில்லை. விலையோடு வரும். அப்பாவுக்குத் தவணை கட்டுவதா, பேத்திக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதா என்று ஒரு வீடு கூடிப் பேசும். யாரும் எதுவும் முடிவெடுத்ததாகவே இருக்காது; இந்த வருஷம் வேண்டாம்ப்பா, எனக்கெதுக்கு என்று அவரே சொல்லிவிடுவார். எண்ணெயும் இளநீரும் தேவைப்படாத தலைக்கூத்தல். சுவிஸ் குற்றவியல் சட்டத்தில், 1942இலிருந்து, சாக உதவியவரிடம் சுயநலம் இருந்தால்தான் குற்றம். நூற்றிருபது வயது அப்பாவின் வீட்டுக்காகத் தொண்ணூறு வயது மகன் காத்திருக்கும் குடும்பத்தில் அந்தச் சுயநலத்தை எந்தப் புலனாய்வாளர் பிரித்தெடுப்பார்?

சாவதற்கான உரிமையை எதிர்ப்பவர்கள் அல்ல நாங்கள். குடாலை அத்தனை தூரம் பயணம் செய்யவைத்தது அநியாயம் என்றே நினைக்கிறோம். ஆனால் போதும் என்று ஒருவர் சொல்லும்போது, அலுத்துப்போய்ச் சொல்கிறாரா, கட்ட வழியில்லாமல் சொல்கிறாரா என்று கேட்டாக வேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997இலிருந்து சாக உதவும் சட்டம் நடப்பில் இருக்கிறது. மருத்துவர் நிரப்பும் படிவத்தில், நோயாளிக்கு என்னென்ன கவலைகள் இருந்தன என்ற கேள்வி உண்டு. அதிகம் பேர் சொல்வது தன் காரியத்தைத் தானே பார்க்க முடியாமல் போவதை. வலி பட்டியலில் கீழேதான் வருகிறது. சிகிச்சைச் செலவுக்கும் அங்கே ஒரு கட்டம் இருக்கிறது. சிகிச்சையை நிறுத்தும் நம் நடைமுறையை 2023இல் எளிமையாக்கினார்கள். இரண்டு மருத்துவக் குழுக்கள் நோயாளியின் உடல்நிலையைப் பார்த்துச் சான்று தருகின்றன. கடன் எவ்வளவு என்று கேட்பது அந்தக் குழுக்களின் வேலை அல்ல. ஆயுள் மருந்து வருவதற்கு முன்பே, இன்றைய வென்டிலேட்டர் படுக்கைகளுக்காகவே, அந்தக் கேள்வியைச் சேர்க்கலாம். சேர்த்தால், செலவுக்கு அஞ்சிச் சாகச் சம்மதிப்பவரின் கட்டணத்தை அரசு ஏற்க வேண்டிவரும்.