முதுமையின் மேல் போடும் பழி

'வயசாயிடுச்சு, மறக்கத்தானே செய்யும்!' சாப்பிட்டுக் கை கழுவிய அரைமணியில் 'எனக்கு இன்னும் சோறு போடலை' என்று பாட்டி புலம்பும்போதும், தெருமுனைக் கடைக்குப் போன தாத்தா வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கும்போதும் நம் வீடுகளில் இதைத்தான் சொல்கிறோம். கேட்பதற்குக் கரிசனமாக இருக்கும். மருத்துவரிடம் போகாமலிருக்க நாம் வைத்திருக்கும் சாக்கு இது என்பேன்.

அல்சைமர் என்ற மறதி நோயை வெறும் தேய்மானம் என்று நம்புகிறவர்கள் அதன் முதல் நோயாளியின் வயதைப் பார்க்கட்டும். 1901இல் பிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் அலாய்ஸ் அல்சைமர் பரிசோதித்த ஆகுஸ்டே டேட்டருக்கு அப்போது 51 வயது. 1906இல் அவர் இறந்தபின் மூளையைச் சீவிச் சாயமேற்றிப் பார்த்தால், நரம்பணுக்களுக்குள் முடிச்சு முடிச்சாக இழைகள். இத்தனைக்குப் பிறகும் மருத்துவ உலகமே வெகுகாலம் தவறியது. நடுவயதில் வந்தால் அல்சைமர், முதியவருக்கு வந்தால் மூப்பு என்று பிரித்து வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே நோய்தான் என்று நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் அடித்து எழுதியது 1976இல்.

அந்த இழைகளின் உள்வடிவம் 2017இல்தான் துல்லியமாகத் தெரிந்தது. கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் மிஷேல் கோடர்ட், ஷோர்ஸ் ஷெரெஸ் குழுவினர், அல்சைமரால் இறந்த 74 வயதுப் பெண்ணின் மூளையிலிருந்து டௌ என்ற புரதத்தாலான அந்த இழைகளைப் பிரித்து, உறையவைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்தார்கள். புரதத்தின் 73 அமினோ அமிலங்கள் ஆங்கில 'சி' எழுத்துப்போல மடிந்திருந்தன. அப்படி மடிந்த மூலக்கூறுகள் அரை நானோமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நின்றன. இரண்டு அடுக்குகள் ஒட்டிக்கொண்டு முறுக்கேறினால் ஓர் இழை.

தேய்மானம் என்றால் ஆளுக்கு ஆள் கோணல்மாணலாக அல்லவா சிதைந்திருக்க வேண்டும்? பிற அல்சைமர் நோயாளிகளிடமும், பரம்பரையாக அது வந்தவர்களிடமும் கிடைத்தது அதே மடிப்பு. பிக் நோய் என்ற இன்னொரு மூளைநோயில் அதே டௌதான், மடிப்பு வேறு. தலையில் ஓயாமல் அடிவாங்கி மூளை பாதித்த மூவரின் இழைகளை 2019இல் பார்த்தார்கள். ஒருவர் அமெரிக்கக் கால்பந்து வீரர், மற்ற இருவரும் குத்துச்சண்டைக்காரர்கள். மூவருக்கும் ஒரே மடிப்பு. ஆனால் அது அல்சைமர் மடிப்பு அல்ல. உள்ளே ஒரு பொந்து, அதில் புரதமல்லாத ஏதோ ஒரு பொருள். மூப்புக்கு இவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வரும்?

'மறதியே இல்லாத கிழவர் மூளையிலும் முடிச்சு இருக்கிறதே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கொஞ்சம் இருக்கும், நோய் வந்தவரிடம்தான் அது மூளைப் புறணியெங்கும் பரவிவிடுகிறது. வயதோடு சேரும் இழை ஒன்றும் உண்டு. டிஎம்இஎம்106பி என்ற வேறொரு புரதத்தால் ஆனது அது. நரம்புநோய் இல்லாத முதியவர்களிடமும் அது இருப்பதையும், இளையவர்களிடம் இல்லாததையும் 2022இல் கண்டார்கள். மூப்பின் கணக்கு வேறு, அல்சைமரின் கணக்கு வேறு.

வயது கூடக்கூட ஆபத்து கூடுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2023இல் வெளியான மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் டிமென்ஷியா (அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்கள்) உள்ளவர்கள் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேர். மீதி 92.6 சதவீதத்தினருக்கும் வயது ஏறத்தான் செய்கிறது.

'கண்டுபிடித்து என்ன பயன், குணமாக்க மருந்து இல்லையே' என்பது அடுத்த சாக்கு. அல்சைமருக்கு இல்லைதான். ஆனால் தைராய்டு குறைபாடு, பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, கீழே விழுந்ததில் மூளையைச் சுற்றிக் கசிந்து தேங்கிய ரத்தம் எல்லாமே மறதியாகத்தான் வெளியே தெரியும். இவை சிகிச்சைக்கு அடங்குபவை. ரத்தப் பரிசோதனை, ஒரு ஸ்கேன், மருத்துவர் உட்கார்ந்து கேட்கும் சில கேள்விகள் போதும், பெரும்பாலும் பிடிபட்டுவிடும். முதலில் அதைச் செய்யுங்கள். வயதைப் பிறகு திட்டிக்கொள்ளலாம்.