ஏட்டுச் சுரைக்காய்

ஆரையம்பதியில் எமது வீட்டு விறாந்தைக்கு மாணவி ஒருத்தி அடிக்கடி வருவதுண்டு. கணினி அசைவூட்டம் கற்கும் வகுப்புக்குப் போகிறவள். அங்கு வழங்கும் சொற்கள் யாவும் ஆங்கிலமாதலின் ஒன்றும் விளங்கவில்லை என்று முறையிட்டாள். நாம் தமிழாசிரியரல்லவா? நாற்பது கலைச்சொற்களை நிரலாக எழுதி, எதிரே தமிழையும் இட்டுப் பெருமையோடு கொடுத்தனுப்பினோம்.

சென்ற வாரம் வந்தவள் நாற்பதையும் பிழையின்றி ஒப்பித்தாள். மகிழ்ந்து, "திறவுச் சட்டகம் எது? படத்திலே காட்டு பார்ப்போம்" என்றோம். அவள் தலை குனிந்தது.

"சேர், சொல் எல்லாம் பாடம். எது எதென்றுதான் தெரியவில்லை."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. குற்றம் அவளுடையதன்று, சுரைக்காயை ஏட்டிலே எழுதிக் கொடுத்தவர் நாமே.

பட்டியலை மடித்து வைத்துவிட்டுக் கொப்பியும் பென்சிலும் எடுக்கச் சொன்னோம். வாவியிலே வீச்சுவலை வீசுவதை அவள் பிறந்த நாள் முதற் பார்த்திருக்கிறாள். அதனை மூன்றே படங்களில் வரையுமாறு பணித்தோம். வலையைக் கையில் ஒதுக்கி நிற்பது ஒன்று. வலை வட்டமாய் வானில் விரிவது ஒன்று. நீரில் விழுந்து அமிழ்வது ஒன்று. "இம்மூன்றுமே திறவுச் சட்டகங்கள். இவற்றை இணைக்க நடுவே வரைவன இடைச் சட்டகங்கள்" என்றோம். கொப்பியின் மூலையிலே தாளுக்கொன்றாகச் சில இடைப்படங்களையும் வரைந்து, விரலால் விரைந்து புரட்டினாள். வலை விரிந்தது! அவள் முகமும் மலர்ந்தது.

திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும்; பத்து வினாடிக்கு 240. முற்காலத்துக் கேலிச்சித்திரப் படங்களிலே தலைமை ஓவியர் திறவுப் படங்களை வரைவார். இடைப்படங்களை உதவியாளர் வரைவர். இன்று அவ்வுதவியாளர் வேலையைப் பெரும்பாலும் கணினி செய்கிறது. ஆனால் எந்த மூன்று நிலைகளைத் தெரிந்தெடுப்பது என்பது, வலை வீச்சைக் கண்ணாற் கண்டவரின் தீர்ப்பு.

அவள் முதலில் வரைந்தது வெறுங் கோட்டுருவம். வண்ணம் தீட்டப்படாத அத்தகைய படத்துக்குப் ‘புனையா ஓவியம்’ என்ற அழகிய பெயர் நெடுநல்வாடையிலேயே உண்டு. புதுக்கலைக்குரிய சொல் சில வேளை நமது பழம் பெட்டகத்திலேயே கிடக்கிறது.

வேறு சில சொற்களுக்கு ஒப்புமை மட்டும் போதாது. திரையின் படப்புள்ளியைக் கோலப் புள்ளி என்று சொல்லத் தோன்றும். கோலத்திற் புள்ளி கோட்டுக்கு வழிகாட்டி; திரையிலோ புள்ளிகளே படம். அகலம் 1920, உயரம் 1080 புள்ளிகள் கொண்ட திரையில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள், ஒவ்வொன்றும் தன் நிறத்தைத் தானே தாங்கி நிற்கின்றன. நிறமும் அவ்வாறே. வண்ணப் பெட்டியிலே நீலமும் மஞ்சளும் கலந்தாற் பச்சை. திரையிலே ஒளியாகிய சிவப்பும் பச்சையும் கலந்தால் மஞ்சள்! செய்து பார்த்தாலன்றி இது மனத்திற் பதியாது.

அவ்வாறாயிற் கலைச்சொற் பட்டியல் வீணா? அன்று. காரைதீவு தந்த விபுலானந்த அடிகள் 1936இலே சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகக் ‘கலைச்சொற்கள்’ என்னும் நூல் 1938இல் வெளிவந்தது. அடிகளோ தமிழ்ப் புலமையோடு விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். பொருளை அறிந்து சொல்லுக்கு வந்தவர். நாம் மறுதலையாகச் சொல்லைக் கொடுத்துப் பொருளைக் கைவிட்டோம்.

பொருள் தெரிந்தால் ‘அசைவூட்டம்’ என்றாலும் ‘இயங்குபடம்’ என்றாலும் மயக்கமில்லை. கணினி காட்டும் ஆங்கிலச் சொல்லும் அஞ்சத்தக்கதன்று; அதனையும் பக்கத்திலே எழுதிக் கொள்ளலாம்.

பெற்றோரே, பிள்ளை புதுச்சொல் ஒன்றை ஒப்பிக்கும்போது "கெட்டிக்காரி" என்று மட்டும் சொல்லி அமையாதீர்கள். "எங்கே, அதைக் காட்டு" என்றும் கேளுங்கள். காட்டத் தெரியாவிட்டாற் கடிந்து கொள்ளவும் வேண்டாம். ஒரு பென்சிலை எடுத்துக் கொடுங்கள்.

எமது பட்டியலை அவள் திருப்பித் தரவில்லை. அதன் வெறும் பின்புறத்திலே இப்பொழுது வலை ஒன்று விரிந்து கொண்டிருக்கிறது.