மலைநகரின் விரைவுப் பாதையும் வன்னியின் வீதியும்

பாதை அமைப்பது பொறியியலாளரின் வேலை என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். பாலம் தாங்கும் பாரம், வளைவின் ஆரை, ஏற்றத்தின் சாய்வு ஆகியவற்றைக் கணக்கிட்டுவிட்டால் திட்டம் முடிந்துவிட்டது என்பது பொது நினைப்பு. ஆனால் இக்கணக்குகளுக்கெல்லாம் முன்னர் வேறொரு கணக்கு உண்டு. யாருடைய பயணத்தை எண்ணுகின்றோம், யாருடைய பயணத்தை எண்ணாது விடுகின்றோம் என்பதே அது. பாதை எவ்வழிச் செல்ல வேண்டும், எங்கே நிற்க வேண்டும், கட்டணம் எவ்வளவாக இருக்க வேண்டும் என்பனவெல்லாம் அம்முதற் கணக்கினாலேயே தீர்மானிக்கப்படுகின்றன. கண்டி மாநகருக்கு விரைவுப் போக்குவரத்து வேண்டும் என்று ஆண்டுதோறும் பேசப்படுகின்றது. அப்பேச்சிலே இம்முதற் கணக்குக் காணாமற் போய்விட்டது. ஆகவேதான் திட்டங்கள் ஏட்டிலே பிறந்து ஏட்டிலேயே மடிகின்றன.

கண்டியின் அமைப்பைப் பேராதனையிற் பயில்வோருக்கு விளக்க வேண்டியதில்லை. சுற்றிலும் குன்றுகள், மூன்று பக்கமும் வளைந்தோடும் மகாவலி, நடுவே ஒரு கிண்ணத்தின் அடிபோன்ற சிறு நிலப்பரப்பில் வாவியும் தலதா மாளிகையும் கடைத்தெருவும் பாடசாலைகளும். மேற்கே பேராதனையும் கெட்டம்பேயும், வடக்கே கட்டுகஸ்தோட்டையும், கிழக்கே தென்னகும்புரவும் இக்கிண்ணத்தின் வாயில்கள். மாகாணத்தின் தலைநகராக, மருத்துவத்துக்கும் கல்விக்கும் வழிபாட்டுக்கும் வணிகத்துக்கும் மக்கள் வந்து சேரும் நகராக இது விளங்குகின்றது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநகர எல்லைக்குள் வாழ்வோர் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர்தாம். நெரிசலை உண்டாக்குவது நகரில் உறங்குவோரின் தொகையன்று. காலையில் வந்து மாலையில் திரும்புவோரின் தொகையே. வீதியை அகலமாக்க இடமில்லை. மலையை வெட்டினால் மண் சரியும். 1988இல் உலக மரபுரிமை நகராக அறிவிக்கப்பட்டதன் பின்னர், பழைய கட்டடங்களை இடித்து வழிசெய்யவும் இயலாது.

இத்தகைய இடத்திற்கு முதன்முதலிற் புகையிரதம் எப்படி வந்தது? 1867இலே கொழும்பிலிருந்து கண்டிவரை பாதை திறக்கப்பட்டது. 1880இலே அது மாத்தளையை எட்டியது. கடுகண்ணாவ ஏற்றத்திலே, ஏறத்தாழ 44 அடி சென்றால் ஓரடி உயரும் சாய்விலே தண்டவாளம் பதிக்கப்பட்டது. அக்காலத்து ஆட்சியாளர் எண்ணியது கோப்பி மூட்டைகளை. தோட்டத்துரைமாரின் சுமையைத் துறைமுகத்துக்கு விரைவிற் கொண்டுசேர்ப்பதே நோக்கம். அக்கோப்பியைப் பறித்த கூலியாளரோ, மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக்காட்டின் விளிம்பிலே மாத்தளைவரை கால்நடையாக நடந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். மூட்டைக்குப் பாதை, மூட்டை சுமந்தவனுக்குக் காட்டுவழி. எண்ணப்பட்டதற்கும் எண்ணப்படாததற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டுவதில்லை.

ஆயினும், கோப்பிக்காக இடப்பட்ட அத்தண்டவாளம் இன்றைய நகருக்குக் கிடைத்த பெருஞ்செல்வமாகும். பேராதனைச் சந்தியிலிருந்து கண்டிவரை ஏறத்தாழ 6 கிலோமீற்றர். நம் பல்கலைக்கழகத்தை ஒட்டிய சரசவி உயன நிலையம் அவ்வழியிலேயே உள்ளது. கண்டிக்கு அப்பால் மகியாவைக் குன்றைச் சுரங்கத்தாற் கடந்து, கட்டுகஸ்தோட்டை, வத்தேகம ஊடாக மாத்தளைக்கு ஒற்றைப் பாதை செல்கின்றது. நகரின் இரு பெரு வாயில்களையும் ஊடறுத்துச் செல்லும் இந்நிலம் ஏற்கெனவே அரசின் உடைமை. புதிதாக வீடுகளை இடிக்கவேண்டிய தேவை இங்கே மிகக் குறைவு.

இதனைக் கைவசம் வைத்துக்கொண்டே நாம் வேறெவற்றையெல்லாமோ கனவு காண்கின்றோம். மலையைக் குடைந்து வாகனச் சுரங்கவழி என்பர் சிலர். வானத்திலே மொனோ ரயில் என்பர் வேறு சிலர். கேபிள் கார் என்பாரும் உளர். ஒவ்வொரு தேர்தலை ஒட்டியும் ஒவ்வொரு வண்ணப்படம் வெளிவருகின்றது. அப்படங்களிலே பளபளக்கும் பெட்டிகள் உண்டு. ஆனால் காலை ஆறரை மணிக்குக் கலகெதரவிலிருந்தோ வத்தேகமவிலிருந்தோ பஸ் வண்டியில் தொங்கிக்கொண்டு வருபவர் இல்லை. வாகனச் சுரங்கவழி யாருக்கு? வாகனம் உடையோருக்கு. நகரைக் கடந்துசெல்லும் வண்டிகளுக்கு அதனால் நன்மை உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நகருக்குள் வரவேண்டிய பஸ் பயணிக்கு அது ஒரு நிமிடத்தையும் மிச்சப்படுத்தப் போவதில்லை.

மலையிலே தண்டவாளம் விரைந்து ஓடாது என்பது இவர்களின் முதல் வாதம். இது பாதி உண்மை. இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தைப் பற்றும் பிடி குறைவு. ஏற்றம் மிகுந்தால் சில்லு வழுக்கும். நகர்ப்புறத்து இலகு ரயில்கள் நூற்றுக்கு ஆறளவான சாய்வை ஏற வல்லவை. அதற்கு மேலும் ஏறவேண்டுமாயின், மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் செல்லும் நீலகிரிப் பாதையிற்போலப் பற்சக்கரமோ, கம்பிவடமோ, இறப்பர்ச் சில்லோ தேவைப்படும். ஆனால் பேராதனைக்கும் கண்டிக்கும் இடையே உயர வேறுபாடு மிகச் சிறிதே. கடுகண்ணாவ ஏற்றமும் நூற்றுக்கு இரண்டரைக்குக் குறைந்ததே. இங்கே வேகத்தைத் தடுப்பன ஏற்றங்களைக் காட்டிலும் கூரிய வளைவுகளும், பழைய சமிக்ஞை முறையும், வண்டிகள் ஒன்றையொன்று கடக்கப் போதிய இரட்டைப் பாதையின்மையுமே. குறுந்தூர நகரப் பயணத்துக்கு வண்டியின் உச்சவேகத்தைவிட, எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி வருகின்றது என்பதே முக்கியம்.

சீனத்தின் சொங்சிங் நகரைச் சிலர் மேற்கோள் காட்டுவர். மலையும் ஆறும் சூழ்ந்த அந்நகரிலே மொனோ ரயில் குடியிருப்பு மாடிக் கட்டடம் ஒன்றின் ஊடாகவே செல்வதை உலகமே வியந்து பார்த்தது. ஆனால் அது பல இலட்சம் மக்கள் நெருங்கி வாழும் பெருநகரம். அதன் அளவுச் சட்டையைக் கண்டிக்கு மாட்டினால் நகரமே சட்டைக்குள் தொலைந்துபோகும். நமக்குப் பொருந்தும் பாடம் கொலம்பியாவின் மெதெயின் நகரிலே உள்ளது. அவர்கள் 1995இலே ஆற்றுப் பள்ளத்தாக்கின் அடியில் முதுகெலும்பு போன்ற ஒரு புகையிரதப் பாதையைத் திறந்தனர். 2004இலேதான், மலைச்சரிவில் வாழ்ந்த ஏழைக் குடியிருப்புகளை அப்பாதையோடு இணைக்கக் கேபிள் கார் அமைத்தனர். அது உல்லாசப் பயணிக்காகப் பிறந்ததன்று. ஒரு பக்கத்துக்கு மணிக்கு ஏறத்தாழ 3,000 பேரை அது இறக்கிவிட, கீழே காத்திருந்த புகையிரதம் அவர்களை ஏற்றிச் சென்றது. முதலிற் பள்ளத்தாக்கு, பின்னர் மலைச்சரிவு. கீழே முதுகெலும்பு இல்லாமல் மேலே கேபிள் கார் மாத்திரம் தொங்குமாயின் அது விளையாட்டுப் பொருளே.

எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். 500 பேரை ஏற்றும் வண்டியொன்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடினால், மணிக்கு 3,000 பேர் ஒரு திசையிற் செல்வர். 50 பேர் ஏறும் பஸ் வண்டிகளால் இத்தொகையை ஏற்ற 60 வண்டிகள், அதாவது நிமிடத்துக்கு ஒன்று, அந்த ஒடுங்கிய வீதியில் ஓடவேண்டும். கடுகண்ணாவயிலிருந்து பேராதனை, கண்டி, கட்டுகஸ்தோட்டை ஊடாக வத்தேகமவரை இத்தகைய சேவை வேண்டும் என்பதே நமது கோரிக்கை. அதற்கு வேண்டியவை இரட்டைப் பாதை, புதிய சமிக்ஞை, குட்டையான மின்வண்டிகள், நிலையங்களின் வாயிலிலேயே பஸ் நிறுத்தம், இரண்டுக்கும் பொதுவான ஒரே பயணச்சீட்டு. இவற்றுள் எதுவும் வண்ணப்படத்துக்கு உகந்ததன்று. ஆகையாற்போலும் எந்த அமைச்சரும் இதனைத் தம் பெயரோடு இணைக்க விரும்புவதில்லை.

எதிர்ப்போர் கூறுவனவற்றுள் ஏற்கவேண்டியவையும் உண்டு. கிழக்கே குண்டசாலை, திகன நோக்கி வளரும் குடியிருப்புகளை இப்பாதை தொடாது. அப்பக்கத்துக்குப் பஸ்களுக்கென்று ஒதுக்கிய வழி வேண்டும். புகையிரதக் கடவைகள் அடிக்கடி மூடப்பட்டால் வீதி நெரிசல் பெருகும்; சிலவற்றிலே மேம்பாலம் கட்டியே ஆகவேண்டும். அனைத்திலும் பெரியது மண்சரிவு. 2025 நவம்பரில் வீசிய டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைகளைக் குலைத்து, நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் பல இடங்களிற் சிதைந்தது. ஆகவே வடிகாலுக்கும் தாங்குசுவருக்கும் மரவேருக்கும் செலவிடாத மலைப்பாதைத் திட்டம் திட்டமே ஆகாது. ஆனால் இவ்வாதம் பழைய தடத்துக்கு மட்டும் எதிரானதன்று. புதிதாக மலையை வெட்டும் எத்திட்டத்துக்கும் அது இருமடங்கு எதிரானது.

திட்டம் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது என்பதற்குக் கொழும்பே சாட்சி. மாலபேயிலிருந்து கோட்டைவரை 15.7 கிலோமீற்றர் நீளமான இலகு ரயிலுக்கு 2019இலே ஜப்பானுடன் கடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. வட்டி நூற்றுக்கு 0.1, திருப்பிச் செலுத்த 40 ஆண்டுகள். 2020 செப்டெம்பரில், செலவு அதிகம் என்ற காரணங்கூறி அத்திட்டம் நிறுத்தப்பட்டது. அவ்விடைவெளியில் நெடுஞ்சாலை வேலைகள் நின்றுவிடவில்லை. 2022 சனவரியிலே மத்திய அதிவேக வீதியின் மீரிகம – குருநாகல் பகுதி திறக்கப்பட்டது. கார் செல்லும் வழிக்குப் பணம் உண்டு. கார் இல்லாதவர் செல்லும் வழி செலவு மிக்கது. இதுவே நம் நாட்டின் எழுதப்படாத போக்குவரத்துக் கொள்கை. பல ஆண்டு ஆய்வின் பயனை ஓர் ஆட்சிமாற்றம் கலைத்துவிடக் கூடுமாயின், கண்டியின் திட்டத்தை மட்டும் காப்பது எது? அப்பாதையிற் பயணஞ் செய்யப்போகும் மக்கள் அதனைத் தமதென்று அறிந்து கோருவதே காப்பு.

இவ்விடத்திலே நம்மவரிடமிருந்து ஒரு குரல் எழும். ‘விசுவமடுவுக்கு நேர்த்தியான ஒரு பஸ் சேவை இல்லை, முல்லைத்தீவு நகர் புகையிரதத்தைக் கண்டதேயில்லை, கண்டியின் விரைவுப் பாதைக்கு நாம் ஏன் குரல் கொடுக்கவேண்டும்?’ இக்கேள்வியை நான் அலட்சியம் செய்யமாட்டேன். அது என் ஊரின் கேள்வி. படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தாற் பெயர்பெற்ற விசுவமடு, மிளகாயும் வெங்காயமும் விளைவித்து நாட்டுக்கு அனுப்பிய ஊர். 2009இலே போர் அதன்மீது உருண்டு சென்றது. பின்னர் வடக்குப் பாதை மீளமைக்கப்பட்டு 2013இலே கிளிநொச்சிக்கும் 2014இலே யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் வந்தது. ஆனால் பரந்தனிற் பிரிந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு ஊடாக முல்லைத்தீவுக்குச் செல்லும் மக்களுக்கு இன்றும் ஏ35 வீதி ஒன்றே கதி. டித்வா வெள்ளம் அவ்வீதியின் பாலத்தையும் உடைத்தது. இந்திய இராணுவப் பொறியியலாளர் வந்து 120 அடி நீளமான இரும்புப் பாலத்தைப் பொருத்தவேண்டியதாயிற்று.

ஒரே புயல் மலைநாட்டுத் தண்டவாளத்தையும் வன்னிப் பாலத்தையும் ஒருசேர உடைத்தது. உடைந்தபோது வழியற்று நின்றோர் இரண்டு இடத்திலும் ஒரே வகையினர்: சொந்த வாகனம் இல்லாதோர். ஏ9 வீதியின் ஒரு முனை யாழ்ப்பாணம், மறுமுனை கண்டி. பரந்தனில் அதனைச் சேரும் எம்மூர் மாணவரும் நோயாளரும் அம்மறுமுனைக்கு வருகின்றனர். அவ்வீதி வழியே எதிர்த்திசையில் வந்தோரும் உளர். 1977 வன்செயலின் பின் உயிர்காக்க ஓடிவந்து வன்னியிற் குடியேறிய மலையகத் தமிழர் அவர்கள். அவர்தம் முன்னோர் நடந்தே சென்ற மாத்தளைக்கு, அவர்தம் உறவினர் இன்றும் பஸ்ஸில் நெருக்குண்டே செல்கின்றனர். கண்டிப் பாதை சிங்களவருக்கு, வன்னிப் பாலம் தமிழருக்கு என்று பிரித்துப் பேசுவோர், இரண்டையுமே தராமலிருப்பதற்கு ஆட்சியாளருக்குச் சாட்டுச் சொல்லிக் கொடுக்கின்றனர்.

கண்டிக்கு வேண்டும் என்று நாம் கேட்கும் அளவுகோலையே விசுவமடுவுக்கும் கேட்போம். பயணிகளை எண்ணுக, அவர்கள் இழக்கும் மணிகளை எண்ணுக, அதன் பின்னரே வாகனத்தைத் தெரிந்தெடுக்குக. அக்கணக்கின்படி கண்டிக்குத் தேவை பத்து நிமிடத்துக்கு ஒரு புகையிரதம். விசுவமடுவுக்குத் தேவை வெள்ளத்தைத் தாங்கும் பாலங்களும், பரந்தன் நிலையத்திற் புகையிரதம் வந்துசேரும் நேரத்துக்குக் காத்துநின்று புறப்படும் பஸ்ஸும். கண்டித் திட்டத்தோடு ஒப்பிட்டால் இதற்காகும் செலவு மிக அற்பம். கணக்கெடுக்க எவரும் வராமையே குறை.

அக்கணக்கைத் தொடங்கப் பல்கலைக்கழகத்தினும் தகுதியான இடம் எது? இங்கே பொறியியற்பீடம் உண்டு; புவியியற்றுறை உண்டு; தினந்தோறும் நெரிசலில் நிற்கும் மாணவர் ஆயிரக்கணக்கில் உளர். கெட்டம்பேயிலும் கட்டுகஸ்தோட்டையிலும் பரந்தன் சந்தியிலும் ஒரு வாரம் நின்று பயணிகளை எண்ணுவதற்கு வெளிநாட்டு நிபுணர் வேண்டியதில்லை; கடனும் வேண்டியதில்லை. கடுதாசியும் எழுதுகோலும் பொறுமையுமே வேண்டும். தமிழ்ச் சங்கத்தின் பணி கவியரங்கோடும் நாடகவிழாவோடும் முடிந்துவிட வேண்டும் என்று எந்த விதியுமில்லை. அடுத்த ஆண்டு மலரிலே அக்கணக்கு அச்சேறுமாயின், வண்ணப்படத்தோடு வருபவரிடம் நாம் நீட்டுவதற்கு ஒரு தாளாவது கையில் இருக்கும்.