குற்றமற்ற வாழ்க்கையா?

2019 மார்ச்சில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் அரசியல் ஆலோசகர் பால் மனஃபோர்ட்டுக்கு 47 மாதச் சிறைத் தண்டனை விதித்த நீதிபதி எல்லிஸ், இந்தக் குற்றங்களைத் தவிர்த்துப் பார்த்தால் அவர் வாழ்ந்தது குற்றமற்ற வாழ்க்கை என்றார். வரி ஏய்ப்பு, வங்கி மோசடி, வெளிநாட்டு வங்கிக் கணக்கை மறைத்தது என எட்டுக் குற்றங்களுக்கு அந்தத் தண்டனை. நீதிபதியின் கூற்றை நாம் ஏற்கவில்லை. வரி ஏய்ப்புதான் மனஃபோர்ட் செய்தவற்றிலேயே சிறிய குற்றம்.

ஜார்ஜ்டவுனில் சட்டம் படித்தவர் அவர். 1980இல் கூட்டாளிகளோடு வாஷிங்டனில் நிறுவனம் தொடங்கினார். தேர்தலில் வேட்பாளரை வெற்றிபெற வைப்பது, வென்றவரிடமே பிறகு போய்ப் பணம் கொடுத்தவர்களுக்காகக் காரியம் சாதிப்பது, இரண்டும் ஒரே இடத்தில் நடந்தன. பிலிப்பைன்ஸின் மார்கோஸ், ஜைரின் மொபுட்டு போன்ற சர்வாதிகாரிகள் வாடிக்கையாளர்கள்.

அங்கோலாவின் கிளர்ச்சித் தலைவர் சவிம்பி 1985இல் ஆறு லட்சம் டாலர் கொடுத்து அவர்களை அமர்த்தினார். கொடூரமான அந்தப் படைத்தலைவரைச் சுதந்திரப் போராளியாக வாஷிங்டனுக்குக் காட்டினார்கள். மறு ஆண்டு ஜனவரியில் அதிபர் ரீகன் அவரை வெள்ளை மாளிகையில் வரவேற்றார். அமெரிக்க ஆயுதங்கள் போய்ச் சேர்ந்தன. அங்கோலாவின் போர் 2002இல்தான் ஓய்ந்தது.

கொலையாளிக்கும் வக்கீல் வாதாடுவதில்லையா என்று கேட்பார்கள். வாதாடலாம், வாதாட வேண்டும். ஆனால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் இருக்கிறார், சாட்சிக்குக் குறுக்கு விசாரணை இருக்கிறது. மூடிய அறையில் செனட்டரின் காதில் மனஃபோர்ட் ஓதியபோது, கண்ணிவெடியில் கால் இழந்த அங்கோலா விவசாயிக்காகப் பேச அங்கே யார் இருந்தார்கள்? வக்கீல் தொழிலின் அறத்தை இந்தத் தரகுக்குக் கவசமாக்குவது அந்தத் தொழிலுக்கே அவமானம்.

பிறகு உக்ரைன். 2010இல் யனுகோவிச் அதிபரானதில் மனஃபோர்ட்டின் கை பெரிது. அடுத்த ஆண்டே எதிர்க்கட்சித் தலைவி திமோஷென்கோ சிறையில் அடைக்கப்பட்டார். அந்த வழக்கை மேற்குலகில் நியாயப்படுத்தும் வேலையையும் மனஃபோர்ட்டே எடுத்துக்கொண்டார். 2014இல் யனுகோவிச் ஆட்சியை எதிர்த்துக் கீவ் நகரில் போராடியவர்களில் ஏறத்தாழ நூறு பேர் உயிரிழந்தனர். யனுகோவிச் ரஷ்யாவுக்கு ஓடினார். வெளிநாட்டுக்காக வேலை செய்வோர் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1938 முதல் இருக்கிறது. யனுகோவிச்சின் கட்சியிடம் இரண்டே ஆண்டுகளில் 1.7 கோடி டாலருக்கு மேல் வாங்கியதை மனஃபோர்ட் நிறுவனம் பதிவு செய்தது 2017இல், விசாரணை நெருக்கிய பிறகு.

வர்ஜீனியா வழக்கோடு இன்னொரு வழக்கையும் சேர்த்து மனஃபோர்ட்டுக்கு ஏழரை ஆண்டுத் தண்டனை. இரண்டு ஆண்டுகூட அவர் சிறையில் இருக்கவில்லை. 2016 தேர்தலில் யாருடைய பிரசாரத்துக்குத் தலைமை வகித்தாரோ, அந்த டிரம்ப்பே 2020 டிசம்பரில் அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். சட்டப்படி அது அதிபரின் உரிமை. நியாயப்படி, தனக்கு வேலை செய்தவருக்குக் கொடுத்த கூலி.

வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வைத்தவர், அவர் அமைக்கும் அரசிடம் எவருக்காகவும் கூலிக்குப் பரிந்து பேசக் கூடாது, மீறினால் சிறை. இந்தத் தடையை அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமாக்க வேண்டும்.